நிக்கோட்டின் கம்மை மெல்ல மெல்லணும்

"அந்தக் கம் எல்லாம் வேஸ்ட் மச்சான். ரெண்டு நாள் மென்னு பாத்தேன், விக்கல்தான் வந்துச்சு."

போன வாரம் நண்பன் ஒருவன் போனில் இப்படிச் சொன்னபோது எனக்கு மனசே சரியில்லை. இருபது வருஷமாகப் புகைப்பவன். விட்டுவிடணும் என்று அவனாகவே முடிவெடுத்து, மருந்துக்கடைக்குப் போய் நிக்கோட்டின் கம் வாங்கி, இரண்டே நாளில் இது உதவாது என்று தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி சிகரெட் பாக்கெட் வாங்கியிருக்கிறான். "எப்படிடா மென்ன?" என்று கேட்டேன். "கம்மை எப்படி மெல்லுவாங்க? வாயில போட்டு மெல்ல வேண்டியதுதான்" என்றான். அதேதான். நானும் முதல் முறை அப்படித்தான் மென்றேன், அப்படித்தான் தோற்றேன், அதற்கப்புறம் இரண்டு வருஷம் கூடுதலாகப் புகைத்தேன். அந்த இரண்டு வருஷத்தை இப்போது நினைத்தாலும் வலிக்கிறது. யாராவது ஒருத்தர் ஐந்து நிமிஷம் உட்கார வைத்து, இதை இப்படிப் பயன்படுத்து என்று சொல்லியிருந்தால் போதும். யாரும் சொல்லவில்லை, அட்டைப்பெட்டிக்குள் இருந்த துண்டுச்சீட்டை நானும் படிக்கவில்லை. அந்த ஐந்து நிமிஷப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, பத்தொன்பது வருஷம் புகைத்துவிட்டு நான்கு வருஷத்துக்கு முன்னால் விட்டவன், அவ்வளவுதான்.

முதலில் பயத்தைப் பேசிவிடலாம், ஏனென்றால் நிறையப் பேர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். "நிக்கோட்டினை விடுறதுக்கு நிக்கோட்டினா? விஷத்துக்கு விஷமா?" என்ற கேள்வி. எனக்கும் இருந்தது. சிகரெட்டை விட முடியாமல் நம்மைப் பிடித்து வைத்திருப்பது நிக்கோட்டின்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நுரையீரலைக் கெடுப்பதும், ரத்தக்குழாயைக் கெடுப்பதும், புற்றுநோயைக் கொண்டுவருவதும் பெரும்பாலும் புகையிலை எரியும்போது வருகிற புகை. அந்தப் புகையில் 7,000க்கும் மேற்பட்ட ரசாயனங்கள் இருக்கின்றன, அவற்றில் 70 வரை புற்றுநோய் உண்டாக்கக் கூடியவை. தார் என்கிற பிசுபிசுப்பான கசடு, கார்பன் மோனாக்சைடு என்கிற நச்சு வாயு எல்லாம் அந்தப் புகையில்தான். கம்மில் இது எதுவும் கிடையாது, தோலில் ஒட்டுகிற நிக்கோட்டின் பேட்சிலும் கிடையாது. பிரிட்டனில் மைக்கேல் ரஸ்ஸல் என்ற மனநல மருத்துவர் 1976லேயே இதை எழுதிவிட்டார்: மனிதர்கள் புகைப்பது நிக்கோட்டினுக்காக, சாவது தாரினால் என்று. நிக்கோட்டின் தீங்கே இல்லாத பொருள் என்று நான் சொல்லவில்லை; இதயத்துடிப்பைக் கூட்டும், ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றும், கர்ப்பத்தில் இருக்கிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடக் கூடாது. ஆனால் ஏற்கெனவே தினமும் இருபது சிகரெட் வழியாக இதே நிக்கோட்டினைப் புகையோடு சேர்த்து இழுத்துக்கொண்டிருக்கிற ஒருவன், புகையில்லாமல் வருகிற அளவான நிக்கோட்டினைக் கண்டு பயப்படுவதில் அர்த்தம் இல்லை.

இன்னொரு வித்தியாசமும் உண்டு, அதுதான் எனக்கு ரொம்ப முக்கியமாகப் பட்டது. சிகரெட்டை ஒரு இழுப்பு இழுத்தால் பத்திலிருந்து இருபது விநாடிக்குள் நிக்கோட்டின் மூளைக்குப் போய்விடும். அந்த வேகம்தான் நம்மை அடிமையாக்குகிறது. கம்மோ பேட்சோ அந்த வேகத்தில் ஏற்றாது. மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் சேரும். அதனால் சிகரெட் தருகிற அந்த "ஆஹா" கிடைக்காது. கிடைக்கக் கூடாது. என் நண்பன் கம்மிடம் எதிர்பார்த்தது அந்த ஆஹாவை. அது தருவது வேறு: கை நடுங்காமல், வீட்டில் இருப்பவர்கள் மேல் எரிந்து விழாமல், ஒரு வேலையில் பத்து நிமிஷம் கவனம் வைக்க முடிகிற அளவுக்கு ஒரு நிதானம். அதை வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஊறிப்போன பழக்கத்தை நாம் ஒவ்வொன்றாக உடைக்கணும்.

இந்தக் கம் எப்படி வந்தது என்ற கதையை நான் பின்னால்தான் படித்தேன், முன்னாலேயே தெரிந்திருந்தால் மெல்லும் முறையும் புரிந்திருக்கும். சுவீடனில் 1967இல், லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளேஸ் லுண்ட்கிரென் என்ற மருத்துவர், நீர்மூழ்கிக் கப்பலில் வேலை பார்க்கிறவர்களைக் கவனித்திருக்கிறார். உள்ளே புகைக்க முடியாது, அதனால் அவர்கள் வாயில் வைத்துக்கொள்ளும் புகையிலைக்கு மாறி, சிகரெட் இல்லாமல் சமாளித்திருக்கிறார்கள். அப்படியென்றால் நிக்கோட்டினை வாய் வழியாகக் கொடுத்துப் புகைக்கிறவர்களை மீட்கலாமே என்று, ஹெல்சிங்போரியில் ஒரு மருந்து நிறுவனத்தில் இருந்த ஊவே ஃபெர்னோவுக்குக் கடிதம் எழுதினார். ஃபெர்னோவும் அப்போது கடுமையாகப் புகைக்கிறவர். கம் என்ற வடிவத்துக்கு வர அவருக்கு வருஷக்கணக்கில் ஆனது, ஏனென்றால் நிக்கோட்டினைச் சும்மா கம்மில் கலந்தால் மெல்ல ஆரம்பித்ததும் மொத்தமும் வெளியே வந்துவிடும். அதனால் அதை ரெசின் என்ற பிசின் போன்ற ஒரு பொருளோடு பிணைத்து, மெல்லும்போது மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிற மாதிரி செய்தார்கள். கூடவே அமிலத்தை முறிக்கிற ஒரு பொருளையும் சேர்த்தார்கள், ஏனென்றால் வாயில் அமிலத்தன்மை இருந்தால் நிக்கோட்டின் கன்னத்தின் உட்தோல் வழியாக ரத்தத்துக்குள் போகாது. இந்தக் கம்முக்கு அமெரிக்காவில் 1984இல் அனுமதி கிடைத்தது. உலக சுகாதார நிறுவனம் 2009இல் கம்மையும் பேட்சையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

இப்போது மெல்லும் முறைக்கு வருகிறேன். மேலே சொன்ன இரண்டு விஷயத்தையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்: மெல்லும்போதுதான் நிக்கோட்டின் வெளியே வரும், உடம்பில் சேருவதோ கன்னத்தின் வழியாக. வயிற்றுக்குள் போனதில் பெரும்பகுதியைக் கல்லீரல் அழித்துவிடும், ஆகவே விழுங்கிய நிக்கோட்டினால் தவிப்பு அடங்காது, விக்கலும் நெஞ்செரிச்சலும் குமட்டலும்தான் வரும். சாதாரணக் கம் மாதிரி கடகடவென்று மென்றால் என்ன ஆகும்? நிக்கோட்டின் மொத்தமும் எச்சிலில் கலந்து தொண்டைக்குள் போய்விடும். என் நண்பனுக்கு வந்த விக்கல் அதுதான். கம்மில் கோளாறு இல்லை.

ஆகவே, ஒரு கம்மை வாயில் போட்டு மெதுவாக, நிதானமாகச் சில தடவை மெல்லுங்கள். ஒரு கட்டத்தில் மிளகு கடித்த மாதிரி சுருக்கென்று ஒரு காரம் தெரியும், சிலருக்கு நாக்கு லேசாக மரத்த மாதிரி இருக்கும். அந்த நிமிஷம் மெல்லுவதை நிறுத்திவிட்டு, கம்மைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைத்துவிடுங்கள். ஒரு நிமிஷம் போல ஆனதும் அந்தச் சுருக்கு அடங்கும். அடங்கியதும் மறுபடி சில தடவை மெல்லுங்கள், மறுபடி காரம் வந்ததும் ஒதுக்குங்கள், இந்த முறை வாயின் வேறு பக்கத்தில். இப்படி அரை மணி நேரம். அதற்குமேல் மென்றும் காரம் வரவில்லை என்றால் கம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். மெல்ல மெல்லணும், வேறு ரகசியம் இல்லை. அப்புறம் காபி. காபி, பழச்சாறு, குளிர்பானம் எல்லாம் வாயை அமிலமாக்கிவிடும், அதனால் கம் போடுவதற்குப் பதினைந்து நிமிஷம் முன்னாலிருந்து கம் வாயில் இருக்கும் வரைக்கும் தண்ணீர் தவிர வேறு எதுவும் வேண்டாம். நான் முதல் முறை காபி குடித்த கையோடு கம்மை வாயில் போட்டு, காபிக்கு அப்புறம் வருகிற தவிப்பை அடக்கப் பார்த்தேன். அது அடங்கவே இல்லை, ஏன் என்று எனக்கு ரொம்ப நாள் தெரியவில்லை.

அடுத்தது அளவு. என்னைக் கேட்டால் தோற்றுப்போகிறவர்களில் பாதிப் பேர் இங்கேதான் தோற்கிறார்கள். கம் 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என்று இரண்டு அளவில் வருகிறது. நாமெல்லாம் பயந்துகொண்டு சின்ன அளவையே எடுப்போம், அதையும் தாங்க முடியாமல் போனால் மட்டும் ஒன்று என்று நாளைக்கு மூன்று நான்கு மெல்லுவோம். இரண்டாம் முறை நான் டாக்டரிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, எத்தனை சிகரெட் என்பது இல்லை. "காலைல எந்திரிச்சு எத்தனை நிமிஷத்துல முதல் சிகரெட் பத்த வைக்கறீங்க?" என்று கேட்டார். ஐந்து நிமிஷம் என்றேன், பல் தேய்ப்பதற்கு முன்னாலேயே. நிக்கோட்டின் ரத்தத்தில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும், ராத்திரி முழுக்கத் தூங்கி எழும்போது உடம்பு காலியாக இருக்கும், அந்தக் காலியை எவ்வளவு நேரம் தாங்க முடிகிறது என்பதுதான் அடிமைத்தனத்தின் நல்ல அளவுகோல் என்று விளக்கினார். எழுந்த அரை மணி நேரத்துக்குள் புகைக்கிறவர் என்றால் 4 மில்லிகிராம், அதற்குப் பின்னால் என்றால் 2 மில்லிகிராம். முதல் ஆறு வாரம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, அடுத்த மூன்று வாரம் இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு ஒன்று, கடைசி மூன்று வாரம் நான்கு முதல் எட்டு மணி நேரத்துக்கு ஒன்று. ஆரம்பத்தில் நாளைக்கு ஒன்பதாவது வேண்டும், 24க்கு மேல் போகக் கூடாது. என் நண்பன் இரண்டு நாளில் மொத்தமே ஐந்து மென்றிருக்கிறான், அதுவும் 2 மில்லிகிராம். தினமும் ஒரு பாக்கெட் புகைக்கிற உடம்புக்கு அது எங்கே போதும்? கம்மில் எழுதியிருக்கிற அளவு முழுதும் உடம்பில் சேராது, ஏறக்குறைய பாதிதான் சேரும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

எனக்கு அந்த டாக்டர் கம்மோடு நிறுத்தவில்லை, பேட்சும் எழுதிக் கொடுத்தார். "ரெண்டுமா டாக்டர்?" என்று கேட்டேன். "பேட்ச் சோறு மாதிரி, நாள் முழுக்கத் தாங்கும். நடுவுல திடீர்னு பசிச்சா கம்" என்றார். இந்த ஒரு வரி எனக்குப் புரிய வைத்த மாதிரி வேறு எதுவும் புரிய வைக்கவில்லை. பேட்ச் என்பது தோலில் ஒட்டிக்கொள்ளும் ஒரு பிளாஸ்திரி, அதிலிருந்து நிக்கோட்டின் மெதுவாகத் தோல் வழியே இறங்கிக்கொண்டே இருக்கும். நாளைக்குப் பத்து சிகரெட்டுக்கு மேல் என்றால் வழக்கமாக 21 மில்லிகிராம் பேட்சில் ஆரம்பித்து ஆறு வாரம், அப்புறம் 14 மில்லிகிராம் இரண்டு வாரம், அப்புறம் 7 மில்லிகிராம் இரண்டு வாரம். அது 24 மணி நேரப் பேட்ச். 16 மணி நேரப் பேட்சும் உண்டு, காலையில் ஒட்டி ராத்திரி எடுத்துவிடுவது. அதன் அளவுகள் 25, 15, 10 என்று வேறு மாதிரி இருக்கும், குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒட்டியதும் வேலை செய்யாது, ரத்தத்தில் போதுமான அளவு சேரச் சில மணி நேரம் ஆகும். அந்த இடைவெளியைத் தாண்டத்தான் காலையில் எழுந்ததும் ஒரு கம்.

பேட்சில் எனக்கு இரண்டு தொல்லை வந்தது. ஒன்று அரிப்பு. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஒட்டியதால் தோள் சிவந்துபோனது. தினமும் இடத்தை மாற்றணும், முடி இல்லாத, சுத்தமான, ஈரமில்லாத தோலாக இருக்கணும், க்ரீம் எதுவும் தடவியிருக்கக் கூடாது. ஒரு இடத்துக்குத் திரும்பி வர ஒரு வாரமாவது ஆகணும். இரண்டாவது கனவு. அப்படிப்பட்ட கனவுகளை நான் வாழ்க்கையில் கண்டதே இல்லை, நிறத்தோடு, சத்தத்தோடு, எழுந்த அப்புறமும் பத்து நிமிஷம் உண்மையோ என்று தோன்றுகிற மாதிரி. நான்காம் நாள் ராத்திரி அலறிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தேன், மனைவி பயந்துபோய் விளக்கைப் போட்டு, "என்னங்க, இதுக்குப் பேசாம சிகரெட்டே குடிங்க" என்றாள். அழுதுகொண்டே சொன்னாள். டாக்டரிடம் கேட்டால் விஷயம் ரொம்பச் சின்னது: தூங்கும்போது நிக்கோட்டின் இறங்குவதால் வருகிற கனவுகள், படுக்கப்போகும் முன் பேட்சை எடுத்துவிடலாம். எடுத்தேன், கனவு நின்றது. இந்த ஒரு தகவல் தெரியாமல் எத்தனை பேர் நான்காம் நாளோடு நிறுத்தியிருப்பார்களோ என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

இந்தப் பேட்சுக்குப் பின்னாலும் ஒரு கதை இருக்கிறது. கலிபோர்னியாவில் மர்ரே ஜார்விக், ஜெட் ரோஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள். ஈரமான புகையிலை இலைகளைக் கையால் பறிக்கிற தொழிலாளர்களுக்குத் தோல் வழியாகவே நிக்கோட்டின் ஏறி வாந்தி, தலைச்சுற்றல் வருவதைப் பார்த்து, அப்படியென்றால் தோல் வழியாகக் கொடுக்கலாமே என்று யோசித்திருக்கிறார்கள். மற்றவர்கள் மேல் சோதிக்க அனுமதி கிடைக்காததால் புகையிலைச் சாற்றைத் தங்கள் தோலிலேயே தடவிப் பார்த்தார்கள். அமெரிக்காவில் 1991இல் பேட்சுக்கு அனுமதி வந்தது. கம்மும் பேட்சும் அங்கே மருந்துச்சீட்டு இல்லாமல் கிடைக்க ஆரம்பித்தது 1996இல்.

கம் மெல்லப் பிடிக்காதவர்களுக்கு, பல் செட் வைத்திருக்கிறவர்களுக்கு, லாசஞ்ச் இருக்கிறது. வாயில் வைத்துக் கரைய விடணும், கடிக்கக் கூடாது, விழுங்கக் கூடாது, காபி விஷயம் அதற்கும் பொருந்தும். வாய்க்குள் அடிக்கிற ஸ்ப்ரே, மூக்கு ஸ்ப்ரே, சிகரெட் மாதிரி விரலில் பிடித்து இழுக்கிற இன்ஹேலர் எல்லாம் உண்டு, எல்லா நாட்டிலும் எல்லாமும் கிடைப்பதில்லை. நான் அவற்றைப் பயன்படுத்தியதில்லை, அதனால் மேலே போகவில்லை. வேரனிக்லின், பியூப்ரோபியான், சைட்டிசின் என்று நிக்கோட்டின் இல்லாத மாத்திரைகளும் இருக்கின்றன, அவை டாக்டர் பார்த்துத் தர வேண்டியவை.

இதெல்லாம் நிஜமாகவே பலன் தருமா என்று கேட்பவர்களுக்கு எனக்குத் தெரிந்த எண்களைச் சொல்லிவிடுகிறேன். எந்த உதவியும் இல்லாமல் விடுகிறவர்களில் ஒரு வருஷம் வரை தாக்குப் பிடிப்பவர்கள் நூற்றுக்கு மூன்றிலிருந்து ஐந்து பேர்தான். காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு அமைப்பு 2018இல் 130க்கும் மேற்பட்ட ஆய்வுகளை, 64,000க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்துப் பார்த்தது. நிக்கோட்டின் மாற்று மருந்துகள் எதுவானாலும் விடுவதற்கான வாய்ப்பை 50 முதல் 60 சதவீதம் கூட்டுகிறது என்பது அதன் முடிவு. மறு வருஷம் வந்த இன்னொரு தொகுப்பில், பேட்சோடு கம் அல்லது லாசஞ்சைச் சேர்த்துப் பயன்படுத்தினால் ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிட வாய்ப்பு இன்னும் கால் பங்கு கூடுகிறது என்று வந்தது. மாயமந்திரம் இல்லை என்பது இந்த எண்களிலேயே தெரிகிறது. மருந்து எடுத்தும் நிறையப் பேர் முதல் முறையில் தோற்கிறார்கள், நான் உட்பட. ஆனால் மூன்றையும் ஐந்தையும் பார்த்த அப்புறம், மன உறுதி இருந்தால் போதும், மருந்து எதற்கு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு மன உறுதி இல்லை என்றா சொல்கிறீர்கள்?

துண்டுச்சீட்டில் இல்லாத ஒன்று, எனக்கு ரொம்ப உதவியது. சிகரெட்டை விட்ட முதல் வாரத்தில் படபடப்பு, தூக்கமின்மை, கை நடுக்கம் எல்லாம் இருந்தது. நிக்கோட்டின் போதவில்லை என்று நினைத்து இன்னும் கம் போட்டேன், குறையவில்லை. காரணம் காபி. சிகரெட் புகையில் இருக்கும் சில பொருட்கள் கல்லீரலைத் தூண்டி, காபியில் இருக்கும் கஃபீனை வேகமாகச் செரிக்க வைக்கின்றன. புகையை நிறுத்தியதும் அந்தத் தூண்டுதல் சில நாளில் போய்விடும், அதே இரண்டு கப் காபி உடம்பில் நான்கு கப் மாதிரி வேலை செய்யும். இது நிக்கோட்டினால் வருவது இல்லை, புகையால் வருவது, அதனால் பேட்ச் ஒட்டியிருந்தாலும் இது நடக்கும். காபியைப் பாதியாகக் குறைத்தேன், மூன்று நாளில் படபடப்பு இறங்கியது. இதே காரணத்தால் ஆஸ்துமாவுக்குத் தரும் தியோஃபிலின், மனநலத்துக்குத் தரும் க்ளோசபின், ஓலன்சபின் போன்ற மருந்துகளின் அளவும் உடம்பில் கூடும். அந்த மருந்துகள் எடுக்கிறவர்கள் சிகரெட்டை நிறுத்தும் முன் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், இதை நான் வற்புறுத்தியே சொல்கிறேன். சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், இதயத்துடிப்பில் பெரிய கோளாறு உள்ளவர்களும் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கணும்.

மருந்தால் ஆகாத பகுதி ஒன்று உண்டு. சாப்பிட்டு எழுந்ததும், போன் வந்ததும், மழை பெய்ததும், ஒரு வேலை முடிந்ததும் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். பத்தொன்பது வருஷம் போன கை. அந்தத் தவிப்பு ஒவ்வொன்றும் மூன்றிலிருந்து ஐந்து நிமிஷம்தான் இருக்கும், நம்மால் முடியாது என்று தோன்றுகிற அந்த உச்சம் அதைவிடச் சின்னது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பேன், தண்ணீர் குடிப்பேன், எழுந்து நடப்பேன். முதல் வாரம் மோசம், மூன்று நான்கு வாரத்தில் பெரும்பகுதி அடங்கிவிடும், எனக்கு அடங்கியது. எடை நான்கு கிலோ ஏறியது, அது பலருக்கும் நடப்பதுதான்.

இருபத்து மூன்றாம் நாள் சறுக்கினேன். நெருங்கிய ஒருவரின் மரணம், ராத்திரி எல்லோரும் வெளியே நின்றுகொண்டிருந்தார்கள், யாரோ நீட்டினார்கள், இரண்டு சிகரெட் குடித்தேன். தோளில் பேட்ச் இருக்கிறது என்பது பாதியில்தான் ஞாபகம் வந்தது. பயந்துபோய்ப் பிய்த்துப் போட்டேன், எல்லாம் முடிந்தது என்று தோன்றியது, மறுநாள் காலை பாக்கெட் வாங்கப் புறப்பட்டேவிட்டேன். நல்ல வேளை, அதற்கு முன் டாக்டருக்குப் போன் செய்தேன். "ரெண்டு சிகரெட்டுக்காக மருந்தை நிறுத்தினீங்கன்னா நாளைக்கு இருபது ஆயிடும். பேட்சை ஒட்டுங்க, சிகரெட்டை மட்டும் விடுங்க" என்றார். ஒட்டினேன். சறுக்கினால் மருந்தை நிறுத்தணும் என்று பலரும் நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன். மருந்து ரொம்பத் தேவைப்படுகிற நாளே அதுதான். பேட்ச் போட்டுக்கொண்டு தினமும் பழையபடி புகைப்பது வேறு விஷயம், அது வேண்டாம், தலைச்சுற்றலும் குமட்டலும் படபடப்பும் வந்தால் நிக்கோட்டின் அதிகமாகிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் ஒரு எச்சரிக்கை. பயன்படுத்திய பேட்சில் இன்னும் நிறைய நிக்கோட்டின் மிச்சம் இருக்கும், ஒட்டும் பக்கம் உள்ளே போகிற மாதிரி மடித்து, குழந்தைகளும் வளர்ப்பு மிருகங்களும் எடுக்க முடியாத இடத்தில் போடுங்கள். கம்மையும் மிட்டாய் என்று நினைத்து எடுத்துவிடுவார்கள். சில பேட்சுகளின் பின்பக்கத்தில் உலோகப் படலம் உண்டு, எம்ஆர்ஐ எடுக்கும்போது சூடாகித் தோலைச் சுட்டுவிடும், முன்னாலேயே எடுத்துவிடணும்.

எவ்வளவு நாள் என்ற கேள்விக்கு: மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நன்றாக இருக்கிறது என்று மூன்றாம் வாரத்திலேயே நிறுத்திவிடாதீர்கள், நன்றாக இருப்பதே மருந்தினால்தான். எனக்குப் பேட்ச் பத்து வாரத்தில் முடிந்தது, கம் ஏழு மாதம் ஓடியது. கடைசியில் நாளைக்கு ஒன்று, அதுவும் பையில் இருந்தால் போதும் என்கிற நிலை. கம்முக்கு அடிமையாகிவிட்டேனோ என்று ஒரு கட்டத்தில் கவலைப்பட்டேன், டாக்டர், மறுபடி புகைப்பதைவிட இன்னும் சில மாதம் கம் மெல்லுவது எவ்வளவோ மேல், அவசரப்படாதீங்க என்றார். ஒரு நாள் கம் எடுக்க மறந்து வெளியே போய்விட்டு, ராத்திரிதான் அது ஞாபகம் வந்தது. அதோடு அதுவும் போயிற்று.

இதையெல்லாம் நண்பனிடம் ஒரு மணி நேரம் பேசினேன். குறுக்கே நிறையக் கேள்வி கேட்டான், காபி விஷயத்தை இரண்டு தடவை கேட்டான். நேற்று ராத்திரி அவனிடமிருந்து ஒரு படம் வந்தது: 4 மில்லிகிராம் கம், 21 மில்லிகிராம் பேட்ச், பக்கத்தில் அந்தத் துண்டுச்சீட்டு, சில வரிகளுக்குக் கீழே பேனாவால் கோடு போட்டிருந்தான். திங்கட்கிழமை காலையில் ஆரம்பிக்கிறான். எழுந்ததும் ஒரு கம், அப்புறம் பேட்ச், கால் மணி நேரம் கழித்துத்தான் காபி என்று எழுதி அனுப்பியிருந்தான். கால் மணி இல்லைடா, கம் தீரும் வரைக்கும் காபி கிடையாது என்று பதில் போட்டிருக்கிறேன்.